ஊக்கு பட்ட ஆயில் ஜெட்

குன்னம்,
2.3.2026

அன்பு மகள் லாவண்யாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கப்பாவும் உன் தம்பி பிரகாஷும், போன வாரம் கன்று போட்ட செவலைப் பசுவும் சுகம். கிடேரிக் கன்றுதான், நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு பிறந்திருக்கிறது. அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை பரணிதரனும் வேளைக்குச் சோறும் குளிருக்குக் காலுறையுமாக நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். தினம்தான் போனில் பேசுகிறோமே, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் உன்னிடம் எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை பாப்பா. நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே யூகித்துக்கொண்டு பதிலும் சொல்லி முடித்துவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார். இன்னொன்று, இந்தக் கவரோடு ஒரு பொருளும் வருகிறது. பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்து முடித்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும், முதலில் திறந்துவிட்டு இது என்ன குப்பை என்று போட்டுவிடாதே.

நீ தம்பியோடு பேசி இன்றோடு இருபத்துநாலு நாளாகிறது. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர் வேலைக்கு மாப்பிள்ளையின் சிநேகிதரிடம் சொல்லி நீ இண்டர்வியூ வாங்கிக் கொடுத்தாய். பிப்ரவரி ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை போகச் சொன்னாய். அவன் போகவில்லை. வர முடியாது என்று முதல் நாளே அவர்களுக்குச் சொன்னானே தவிர, காரணம் கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. நீ என்னிடம், "மானத்த விட்டுக் கேட்டு வாங்கின எடம்மா அது, அவருக்கு அங்க என்ன மரியாத இருக்கும் இனிமே, இவன் கிரீஸுலயே கெடந்து சாவட்டும்" என்றாய். உன் கோபத்தில் தப்பே இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய முகவரி வேறு. அவன் போகாமல் இருந்ததற்குக் காரணம் உன் அம்மா. அம்மாவும், அம்மாவின் தாலிக்கொடியில் தொங்கிய ஓர் ஊக்கும். இதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம்.

அரியலூரில் தர்மராஜ் சார் என்று ஒருவர், மின்வாரியத்தில் இருந்து டிசம்பரில் ரிட்டயர் ஆனவர். அவரிடம் ரெண்டு பிஸ்டன் வைத்த பெரிய பைக் ஒன்று இருக்கிறது. ரிட்டயர் ஆனதும் சம்சாரத்தைப் பின்னால் உட்காரவைத்து அந்த வண்டியிலேயே காசிக்குப் போக வேண்டும், மகா சிவராத்திரிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். வண்டி இரண்டு முறை நடுரோட்டில் இன்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. இரண்டாவது முறை பின்சக்கரம் அப்படியே இறுகிப்போய், பின்னால் வந்த சிமெண்ட் லாரிக்காரன் பிரேக் அடித்ததால் சாரும் சம்சாரமும் பிழைத்தார்கள். இரண்டு இடத்தில் வேலை பார்த்தும் சரியாகவில்லை என்று மார்கழிக் கடைசியில் யாரோ சொல்லி, துறைமங்கலத்தில் நம் பிரகாஷின் மெக்கானிக் கடைக்குக் கொண்டுவந்தார். அவ்வளவு பெரிய வண்டி அவன் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இன்ஜினை இறக்கிவைத்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பொண்ணு பார்க்கப் போனால்கூட இவன் இப்படிப் பார்ப்பானா என்று எனக்குச் சந்தேகம்.

உழவர் சந்தைக்கு வெங்காயம் கொண்டு போகிற நாளில் அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பஸ் வரும் வரை கடையில் உட்கார்ந்திருப்பது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். அப்படிப் போனபோதுதான் அந்த ஆயில் ஜெட்டை முதன்முதலாகக் காட்டினான். பித்தளையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன மூக்கு, அதன் நுனியில் ஊசி நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை, அவ்வளவுதான். பிஸ்டனுக்குத் தலைமாட்டில் எந்நேரமும் தீ எரிகிறதாம். அடியிலிருந்து இந்த மூக்கு எண்ணெயைப் பீச்சிக்கொண்டே இருந்தால்தான் பிஸ்டன் சூடு தாங்கும், இல்லையென்றால் வீங்கிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இரண்டு பிஸ்டனுக்கு இரண்டு ஜெட். முன்னால் வேலை பார்த்தவர்கள் செய்த காரியத்தைக் கேள். ஆயில் பம்பு தேய்ந்துபோய் பிரஷர் குறைந்து சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. பம்பை மாற்றாமல், இரண்டு ஜெட்டின் வாயிலும் ஈயத்தை உருக்கி அடைத்துவிட்டார்கள். எண்ணெய் வெளியேற வழியில்லாமல் பிரஷர் ஏறி விளக்கு அணைந்துவிட்டது, சாரும் சந்தோஷமாக வீட்டுக்கு ஓட்டிப் போயிருக்கிறார். பிஸ்டன் வெந்துவிட்டது. "வெளக்கு அணைஞ்சா போதும்னு நெனச்சிட்டாங்கம்மா, ஏன் எரிஞ்சுதுன்னு பாக்கல" என்று அவன் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்தேன். பிளஸ் டூவில் கணக்கில் தவறிய பையன் முகம் இல்லை அது.

அப்புறம் எந்த ஜெட் போடுவது என்று ஒரு வாரம் யோசனை. திருச்சியில் ஸ்பேர் கடைக்காரர் ஒரு ஜோடி கொடுத்தனுப்பினார். வேறு மாடல் வண்டியுடையது, மரை அச்சாகப் பொருந்துகிறது, ஓட்டை மட்டும் கொஞ்சம் பெரிது. எண்ணெய் அதிகம் பாய்ந்தால் குளுமையும் அதிகம்தானே என்பது அவர் கட்சி. கம்பெனி அளவு ஜெட் வேண்டுமென்றால் பத்து நாள் காத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்குமா எனக்கு, "ஏண்டா, நம்ம பருத்திக் காட்டுல சொட்டுநீர்க் கொழாய்க்கு மொத வரிசையில ஓட்டைய பெருசா வெச்சா கடைசி வரிசைக்குத் தண்ணி ஏறுமா? மோட்டாரு என்னமோ அதே மோட்டாருதான. இங்க ரெண்டு வாயும் பெருசா குடிச்சிட்டா மேல இருக்கறவனுக்கு எண்ணெய் எங்க போகும்?" என்று கேட்டேன். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "அதேதாம்மா, மேல ஹெட்டு காய்ஞ்சிரும்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் வரும்போது என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன், உங்கப்பாவிடமும் இரண்டு தடவை சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, முந்தின நாளே அந்தப் பெரிய ஓட்டை ஜோடியைத் திருச்சிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு கம்பெனி அளவுக்கு ஆர்டர் போட்டிருக்கிறான். அம்மா சந்தோஷப்படட்டும் என்று தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்த மெச்சல்தான் வினையாகிவிட்டது. ஜெட் வந்ததும் எண்ணெய் விட்டுப் பீச்சிப் பார்த்து, இரண்டும் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட குறி மேல் நேராக விழுகிறது என்று உறுதி செய்து, ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தான். மறுநாள் சனிக்கிழமை நான் போனபோது சாமானையெல்லாம் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தான், நானும் கூட உட்கார்ந்தேன். அவன் டீ வாங்கப் போன நேரம். தட்டில் இருந்த ஜெட் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஓட்டைக்குள் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. காட்டில் சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்? தாலிக்கொடியில் கிடக்கிற ஊக்கைக் கழற்றி உள்ளே விட்டு இரண்டு திருகு திருகி, ஃபூ என்று ஊதிவிட்டு அடுத்த வரிக்குப் போவேன். உன் பள்ளிக்கூடத் தாவணிக்கும் அறுந்த செருப்பு வாருக்கும் அந்த ஊக்குதான். கை அதுபாட்டுக்குப் போய்விட்டது பாப்பா. உள்ளே விட்டேன், இரண்டு திருகு திருகினேன், ஊதினேன். கறுப்பு போய்விட்டது. வேலை தெரிந்தவளாட்டம் தட்டில் திரும்ப வைத்துவிட்டேன். அவன் வந்து டீ கொடுத்தான், குடித்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

அவன் ஜெட்டைப் பூட்டினான், இன்ஜினை மூடினான், வண்டியில் ஏற்றினான். ஸ்டார்ட் செய்தபோது கடைக்கு வெளியே டீக்கடையில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து கேட்டார்களாம், சத்தம் அவ்வளவு சுத்தம். அவனே நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சாரிடம் சொல்லிவிட்டான். ஞாயிறு அன்று அவர்கள் கிளம்புவதாக ஏற்பாடு. புதன் சாயங்காலம் நான் பருத்திக் காட்டில் தண்ணீர் பாய்ச்சப் போனேன். மேல வரிசையில் ஒரு செடி மட்டும் சேற்றில் நின்றது. குனிந்து பார்த்தால், போன வாரம் நான் ஊக்கு விட்டுக் குத்திய சொட்டு. தண்ணீர் சொட்டாமல் பக்கவாட்டில் விசிறியடித்துக்கொண்டிருந்தது. ஊக்கு போன வழியில் வாய் கீறியிருந்தது. பாப்பாயி பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவள், "என்னக்கா பேயறஞ்ச மாரி நிக்கிறீங்க" என்று கேட்டாள். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது சொட்டுநீருக்காக இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும். அந்தப் பைக்கில் பின்னால் உட்காரப் போகிற அம்மாவை நான் ஒரு தடவை கடையில் பார்த்திருக்கிறேன். ரத்தினம்மாள் என்று பெயர். மூட்டு வலி என்று படி ஏறவே பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டவர்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று எனக்குத் தோன்றவில்லை என்று எழுத ஆசைதான். தோன்றியது. நன்றாக ஓடுகிற இன்ஜின், நாற்பது கிலோமீட்டர் போய் வந்துவிட்டான், என் ஊக்கு என்ன பெரிதாகக் கீறியிருக்கும் என்று சோறு வடித்து முடிக்கிற வரை எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உங்கப்பாவிடமும் சொல்லவில்லை. ஆனால் வடித்த சோறு எனக்கு இறங்கவில்லை. வியாழன் காலை முதல் பஸ் பிடித்துத் துறைமங்கலம் போனேன். கடை அப்போதுதான் திறந்திருந்தான், வண்டியைத் துடைத்து ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம்கூடக் கட்டிவிட்டிருந்தான். நின்ற நிலையிலேயே எல்லாம் சொல்லிவிட்டேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எந்த ஜெட்டும்மா, இடதா வலதா என்று மட்டும் கேட்டான், தெரியவில்லை என்றேன்.  அப்புறம் எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து மேஜை மேல் வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

பிரிக்காமல் விட்டிருந்தால் என்னையும் அவனையும் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. நாலு நாள் ராப்பகலாகப் பூட்டியது, மூன்று மணி நேரத்தில் எல்லாம் கழன்று தரையில் கிடந்தது. பிஸ்டனைக் குப்புறத் திருப்பிக் காட்டினான். ஒன்று பளிச்சென்று இருந்தது, இன்னொன்றின் அடியில் ஒரு பக்கம் லேசாகக் கறுத்திருந்தது, நாற்பது கிலோமீட்டருக்கே. இரண்டு ஜெட்டிலும் எண்ணெய் விட்டுப் பீச்சினான். ஒன்று நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. நான் தொட்டது துடைப்பம் மாதிரி விரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு அவன், "அழாதம்மா. நீ வந்து சொன்னதால பொழச்சோம். பூட்டறதுக்கு முன்ன இன்னொரு வாட்டி நான் பீச்சிப் பாத்திருக்கணும், பாக்கல. அது என் தப்பு" என்றான். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை பாப்பா, அப்படித்தான் நினைத்தான். அன்றைக்கே அந்தக் கடைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிட்டான், பூட்டும் முன் பீச்சிப் பார் என்று.

பத்து மணிக்குத் தர்மராஜ் சார் வந்துவிட்டார். வண்டி எலும்புக்கூடாகக் கிடப்பதைப் பார்த்ததும் அவர் போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. "ரெண்டு எடத்துல ஏமாந்தேன், நீ மூணாவது, ஒன்ன நம்பி ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். நான்தான் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். பிரகாஷ் என் முன்னால் வந்து நின்றுகொண்டு, "என் பக்கம் ஒரு தப்பு நடந்துருச்சுங்க சார், ஞாயித்துக்கெழம வண்டி ஒங்க கையில இருக்கும்ங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவனைத் தேடி வந்த பக்கத்துக் கடை மெக்கானிக் காசிநாதன்கூட, அந்தத் திருச்சி ஜெட்டையே வாங்கிப் போட்டுவிடு, இன்றைக்கே முடிந்துவிடும், போய் வருகிற வரை தாங்கும் என்றார். தாங்கும்தான் போலிருக்கிறது. சமதரையில் தாங்கும், மலையேற்றத்தில் சொல்ல முடியாது என்றான் இவன். ஒன்றை மட்டும் மாற்றலாமே என்றதற்கும், புதுசும் பழசும் கலக்க மாட்டேன், ஜோடியாகத்தான் போடுவேன் என்றுவிட்டான். ஒன்பது ஊருக்குப் போன் போட்டு, கடைசியில் பெங்களூரில் ஒருவரிடம் அதே அளவில் ஒரு ஜோடி இருப்பது தெரிந்தது. பார்சலில் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் வரும். நேரில் போய் வாங்கினால்தான் ஞாயிறு முடியும். நேரில் போக இருந்த ஒரே நாள் வெள்ளிக்கிழமை.

நான் சொன்னேன், வேண்டாண்டா, அக்கா திட்டுவா, நீ இண்டர்வியூவுக்குப் போ, சாருடைய கையைக் காலைப் பிடித்து நான் நாள் கேட்கிறேன் என்று. அதற்கு அவன், "சிவராத்திரிய யாரும்மா தள்ளிப் போடுவா? அந்த வேல எனக்கு இல்லன்னா வேற ஒருத்தனுக்குக் கெடைக்கும், நல்லா செய்வான். இந்த வண்டிய நான்தான் பிரிச்சேன், நான்தான் பூட்டணும்" என்றான். அக்காவிடம் காரணத்தையாவது சொல்லேன் என்றேன். சொன்னால் உன் பேரை இழுக்க வேண்டியிருக்கும், அக்கா உன்னைக் கேலி பண்ணியே கொன்றுவிடுவாள், விடு என்றான். பஸ் ஏறிவிட்டான். ஓட்டையின் அளவைச் சரிபார்க்கிற கம்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், அங்கேயே அளந்து, அங்கேயே பீச்சிப் பார்த்து வாங்கி வந்தான். நீ சிமெண்ட் ஆலை விஷயமாக எனக்குப் போன் செய்து கத்திக்கொண்டிருந்தபோது அவன் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தான். நீ கத்தியதை எல்லாம் கேட்டுக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதுதான் இந்தக் கதையில் என்னுடைய இரண்டாவது தப்பு.

சனிக்கிழமை முழுவதும் பூட்டினான். ஞாயிறு விடிந்ததும் வண்டியை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறும்மா" என்றான். இத்தனை வயதுக்கு மேல் நான் எதற்கு என்றால், சார் சம்சாரம் உட்காரப் போகிற இடத்தில் முதலில் எங்க அம்மா உட்கார வேண்டும் என்கிறான். உங்கப்பா கடைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர், கிரீஸ் கடை என்றுதானே சொல்வார், அவர் எழுந்து வந்து தோளில் கிடந்த துண்டால் அந்தப் பின் சீட்டைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். அரியலூர் போய், அங்கிருந்து ஏலாக்குறிச்சி மாதா கோயில் வரை போய்த் திரும்பினோம். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் புழுதியில் ஊர்ந்தும் பார்த்தான், வெற்று ரோட்டில் விரட்டியும் பார்த்தான். முதல் பத்து கிலோமீட்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன், அப்புறம் பாட்டுப் பாடலாமா என்று வந்துவிட்டது. ஏலாக்குறிச்சியில் பஸ்ஸில் வந்து இறங்கிய கூட்டம் என்னைத்தான் பார்த்தது, கண்டாங்கிச் சேலையும் ஹெல்மெட்டுமாக. திரும்புகிற வழியில் அரியலூரில் சார் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினான். நான் பின்சீட்டிலிருந்து இறங்குவதைச் சார் வாசலில் நின்று பார்த்தார். வியாழக்கிழமை அத்தனை சத்தம் போட்டவர் சாவியை வாங்கிக்கொண்டு அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள்.

சிவராத்திரிக்கு முந்தின நாளே காசி போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போக வர நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், விந்திய மலை ஏற்றத்தில்கூட இன்ஜின் முணுமுணுக்கவில்லையாம். போன புதன்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் கங்கைச் சொம்போடு அதே வண்டியில் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை, காபியைக் கையில் கொடுத்துவிட்டு ஊக்குக் கதையைச் சொல்லிவிட்டேன். பிரகாஷ் எதற்கும்மா என்று கண்ணைக் காட்டினான். சார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ரத்தினம்மாள் மெதுவாகத் தன் தாலிக்கொடியைத் தடவிப் பார்த்து, "எனக்கும் மூணு கெடக்குதுங்க" என்றார். அப்புறம்தான் எல்லாரும் சிரித்தோம். சார் மட்டும் போகும்போது பிரகாஷிடம், "அன்னிக்கு ஒங்க அம்மா பேர நீ சொல்லித் தப்பிச்சிருந்தா, அதோட வண்டிய எடுத்துட்டுப் போயிருப்பேன் தம்பி" என்றார்.

இப்போது உனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது. ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள். உன்னைப் பற்றி எனக்கு இருக்கிற பெருமை இந்த ஊருக்கே தெரியும். பஸ்ஸில் யாராவது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், உன் படிப்பு, உன் வேலை, டப்ளின் மழை என்று குன்னத்தில் ஆரம்பித்துப் பேரளி தாண்டுகிற வரை சொல்வேன். பையன்? என்று கேட்டால் டவுனில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எத்தனை வருஷம் அப்படித் திரும்பியிருக்கிறேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவனுக்கும் அது தெரிந்துதான் இருக்கும். அவன் மேல் உனக்கு அக்கறை இருக்கிறது, அதனால்தான் வேலை தேடினாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. மாப்பிள்ளையின் சிநேகிதருக்கு நானே தனியாக ஒரு கடிதம் எழுதிவைத்திருக்கிறேன், மாப்பிள்ளை சரி என்றால் அனுப்புகிறேன். இவன் இனி அங்கே வர மாட்டான் என்றும், பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது அங்கே இருந்தால் துறைமங்கலத்துக்கு அனுப்பும்படியும் அதில் எழுதியிருக்கிறேன்.

மற்றபடி இங்கே பருத்தி மூன்றாவது எடுப்பு நடக்கிறது. வெங்காயத்தைக் கெடாமல் இருக்கப் பட்டறை போட்டு அடைத்தாகிவிட்டது. உங்கப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் காபிக்கு மட்டும் கணக்கில் சேராத சர்க்கரை ஒன்று வைத்திருக்கிறார். நீ சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊர்க் குளிருக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சித்தான் வைக்க வேண்டும். மாப்பிள்ளைக்குப் பருப்புப் பொடி அடுத்த முறை யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். ரத்தினம்மாள் உங்கள் இருவருக்கும் கொடுத்த காசிக் கயிறு கவருக்குள் தனியாக இருக்கிறது, நீ இடது கையிலும் அவர் வலது கையிலும் கட்டிக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை ஆபீசுக்கு எப்படிக் கட்டிக்கொண்டு போவது என்று கேட்டால் முழுக்கைச் சட்டை போடச் சொல்.

இனித் தீப்பெட்டியைத் திற. நான் குத்திய ஜெட் அதுதான். உன் தம்பி அதைக் குப்பையில் போடப் போனான், நான் கேட்டு வாங்கினேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் ஓட்டைக்குள் பார். வாய் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் தெரியும், நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கீறலுக்காகத்தான் அவன் ஆலத்தியூர் போகவில்லை. பார்த்ததும் அவனுக்குப் போன் செய். நான் எழுதினேன் என்று சொல்லாதே, சும்மா கூப்பிட்ட மாதிரி கூப்பிடு, மீதியை அவனே பேசுவான்.

நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது நோய்நொடி இல்லாமல், கேட்டது கிடைத்து, ஒருவர் சொல்வதை ஒருவர் முழுசாகக் கேட்டுக்கொண்டு வாழ வேண்டும் என்று உங்கப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். நேற்று சந்தைக்குப் போகும்போது பஸ்ஸில் ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். பையனைப் பற்றி ஆரம்பித்தேன். பெரம்பலூர் வந்து கண்டக்டர் இறங்கச் சொல்கிற வரை அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், உன்னைப் பற்றிச் சொல்ல நேரமே இல்லாமல் போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
தாலிக்கொடியில் இப்போது ஒரு ஊக்குகூட இல்லாத உன் அம்மா,
அ. மணிமொழி